ஆறு கலர்க் குஞ்சுகள்

ரெட்டியார்பாளையம்
14-4-2007

அன்புள்ள மாமாவுக்கு,

சந்திரகலா எழுதுவது. நானும் சங்கவியும் சுகம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா, தலைக்கு எண்ணெய் வைக்கிறீர்களா என்று எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கவலை.

உங்கள் முதல் கடிதம் இருபத்தாறு நாள் கழித்து வந்து சேர்ந்தது. முதலாளி செல்போன் வைத்துக்கொள்ள விடமாட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். கடுதாசியாவது போட விட்டாரே, அந்த மட்டும் நல்லவர். பெரிய வெள்ளைக் கார், உள்ளே ஏசி என்று நீங்கள் எழுதியதை சங்கவிக்குப் படித்துக் காட்டினேன். "எங்கப்பா ஏசியிலயே இருக்காரு, அவருக்கு வேர்வையே வராது" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டுக்கும் அரியாங்குப்பத்துக்கும் நடுவில் டெம்போவில் பதினோரு பேரை அடைத்து, பின்னால் இரண்டு பேரைத் தொங்கவிட்டுக்கொண்டு போன மனுசனுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்.

நீங்கள் போனதிலிருந்து கொல்லை முழுக்கக் கோரையும் நெருஞ்சியும்தான். போன வாரம் கிணற்றடியில் பாம்புச் சட்டை கிடந்தது. "கொல்லையைச் சும்மா போடாதே கலா" என்று விமான நிலையத்தில்கூடச் சொன்னீர்கள். மற்றவர்களெல்லாம் அங்கே நின்று அழுதுகொண்டிருந்தபோது நமக்குக் கொல்லைப் பேச்சு! நான் குருசுக்குப்பத்துக்காரி. எங்கள் வீட்டு வாசலில் மணலும் கருவாடும் தவிர வேறு எதைப் பார்த்திருக்கிறேன்? மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து என்றைக்குப் பிடித்தது என்று சொல்வேன். கத்தரி நாற்றுக்கும் மிளகாய் நாற்றுக்கும் வித்தியாசம் சொல்லத் தெரியாது. அதனால் இத்துடன் படம் வரைந்து வைத்திருக்கிறேன். நீங்கள் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, பார்த்துத் திருத்தி எழுதுங்கள். கத்தரி, வெண்டை, கீரை, பரங்கிக்கொடி, அவரைப் பந்தல், மூலையில் ஒரு கோழிக் கூண்டு. கோழி சங்கவியின் ஆசை. கிணற்றடியில் கட்டம் போட்டிருப்பது நீங்கள் பல் விளக்க உட்காரும் கல். அதை நகர்த்தமாட்டேன்.

படத்தின் அடியில் "பொங்கல்" என்று எழுதியிருக்கிறேன். முதல் பொங்கலுக்கு லீவில் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். பொங்கல் குழம்புக்குக் கடையில் ஒரு காய்கூட வாங்கப்போவதில்லை. அவரையும் பரங்கியும் கத்தரியும் நம் கொல்லையிலிருந்துதான். பக்கத்து வீட்டில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா பெண்சாதி பாக்கியலட்சுமி அக்கா, பிரான்சில் மகள் வீட்டுக்கு ஆறு மாதம் போயிருக்கிறார்கள். கேட்டுச் செய்ய வேறு ஆள் இல்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள்,
சந்திரகலா


ரியாத்
12-5-2007

அன்புள்ள கலாவுக்கும் என் தங்கம் சங்கவிக்கும்,

தெய்வசிகாமணி எழுதுகிறேன். சுகமாக இருக்கிறேன். எண்ணெய் வைக்கிறேன். உங்கள் இருவர் முகத்தையும் தினம் நினைத்துக்கொள்கிறேன்.

படத்தைக் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரன் வங்காளதேசத்துக்காரன். "இது எந்த ஊரு மேப்?" என்று கேட்டான். என் ஊரு என்று சொன்னேன்.

திருத்தம் எழுதுகிறேன். தென்னைக்கு அடியில் கத்தரி வைக்காதே, வெயில் படாமல் பூ உதிரும். அங்கே சேம்பு வை. பந்தலை மேற்குப் பக்கம் போடு. துவைக்கிற தண்ணீர் சோப்புத் தண்ணீர், அதைக் கீரைக்கு விடாதே, வாழைக்கு விடலாம். விதையெல்லாம் ஆடியில் போட்டால் போதும். அதற்குள் கொத்திப் போட்டு மண்ணைக் காயவிடு.

கூண்டைச் சமையல்கட்டுச் சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறாய். வேண்டாம். காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேற வேண்டும். காற்று நின்றுவிட்டால் எச்ச வாடையில் கண் எரியும், நெஞ்சு அடைக்கும். கோழிக்கும் சரி, உள்ளே போகிறவனுக்கும் சரி.

வேலை பரவாயில்லை. வியாழக்கிழமைதோறும் ஒரு மலையாளி லாரி எடுத்துக்கொண்டு வருவான். கடிதம் கொண்டுவருவதும் எடுத்துக்கொண்டு போவதும் அவன்தான். அதனால்தான் தாமதம். பொங்கலுக்கு வந்துவிடுவேன்.

சிகாமணி


ரெட்டியார்பாளையம்
17-6-2007

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் இப்போது எட்டுப் பேர். அங்கே உங்கள் உடம்பு எப்படி?

இன்று ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனோம். சைக்கிளில் பெரிய மூங்கில் கூடை வைத்து ஒருவன் கலர்க் கோழிக்குஞ்சு விற்றுக்கொண்டிருந்தான். ரோஸ், பச்சை, நீலம், ஆரஞ்சு என்று ஹோலி கொண்டாடின மாதிரி. சங்கவி நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. ரோஸில் இரண்டு, பச்சையில் இரண்டு, நீலம் ஒன்று, ஆரஞ்சு ஒன்று வாங்கிவிட்டேன். "முட்டை போடுமா?" என்று கேட்டேன். "அக்கா, அஞ்சு மாசத்துல முட்டை. எழுதி வச்சுக்க" என்றான். நானும் வந்து காலண்டரில் நவம்பர் மாதத்தில் எழுதி வைத்தேன். நீங்கள் பொங்கலுக்கு வரும்போது வீட்டு முட்டையில் ஆம்லெட்.

அட்டைப் பெட்டியில் விட்டிருக்கிறேன். பெரிய ரோஸ் மட்டும் கண்ணை மூடி மூடித் தூங்கி வழிகிறது. என்ன கொடுக்க வேண்டும், சூடு வேண்டுமா, அரிசி போடலாமா, ஒன்றும் தெரியவில்லை. எழுதும்போதே சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. நான் கேட்டு, நீங்கள் சொல்லி, அது வந்து சேருவதற்குள் ரோஸ் பிழைத்திருக்கும், இல்லை போயிருக்கும். இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

படத்தில் சொன்னபடி கூண்டை வேலிப் பக்கம் மாற்றிவிட்டேன். கார் எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே, டெம்போவாக இருந்தால் நான்கு பக்கம் எழுதியிருப்பீர்கள்.

சந்திரகலா


ரியாத்
13-7-2007

அன்புள்ள கலா, சங்கவி இருவருக்கும்,

நலமாக இருக்கிறேன். வெயில்தான் அதிகம்.

குஞ்சு விஷயம் முதலில். நாற்பது வாட்ஸ் பல்பு ஒன்றைப் பெட்டிக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் தொங்கவிடு. எல்லாம் பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றால் குளிருகிறது என்று அர்த்தம், பல்பை இறக்கு. மூலைக்கு மூலை ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு, ஏற்று. பரவலாகப் படுத்திருந்தால் சரி. பார்க்கக்கூட வேண்டாம், சத்தமே சொல்லும். குளிர்ந்தால் கீச்சென்று விடாமல் கத்தும். வயிறு நிறைந்த குஞ்சு முணுமுணுக்கும்.

தூங்கி வழிகிற குஞ்சுக்குச் சர்க்கரைத் தண்ணீர். மூக்கைத் தண்ணீரில் லேசாகத் தொட்டு எடு, அது தானாகக் குடிக்கப் பழகும். சாயங்காலம் ஒவ்வொன்றாகக் கழுத்துக்கு அடியில் தொட்டுப் பார். தீனிப்பை நிறைந்து மெதுமெதுவென்று இருக்க வேண்டும். காலியாக இருக்கிற குஞ்சு காலையில் இருக்காது. முழு அரிசி வேண்டாம், குருணை போடு.

ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு மருந்து விட வேண்டும், வெள்ளைக்கழிச்சல் நோய் வராமல் இருக்க. நாள் தாண்டிவிட்டது. பரவாயில்லை, இரண்டு மாதம் ஆனதும் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இறக்கையில் ஊசி போடு. இதை மட்டும் மறந்துவிடாதே.

ஆறும் பிழைத்திருக்க வேண்டும் என்று இங்கே வேண்டிக்கொள்கிறேன். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

சிகாமணி


ரெட்டியார்பாளையம்
19-8-2007

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் வெயில் குறைந்ததா? மோர் கிடைத்தால் குடியுங்கள்.

ஆறும் உயிரோடு இருக்கின்றன! பெரிய ரோஸ் உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே தானாகத் தேறிவிட்டது. இப்போது அதுதான் ரௌடி. சாயமெல்லாம் போய் எல்லாம் வெள்ளையாகிவிட்டன. சங்கவி மட்டும் எது பச்சை, எது நீலம் என்று சரியாகச் சொல்கிறாள்.

கூடையில் போட்டு ஆட்டோவில் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இறக்கையில் ஊசி என்றதும் டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "யாரும்மா சொல்லிக் குடுத்தது?" "எங்க வீட்டுக்காரருங்க. சவுதியில கார் ஓட்டுறாரு." அவர் கம்பவுண்டரைப் பார்த்துச் சிரித்தார். "இப்படி ஒரு டிரைவர் நமக்குக் கிடைக்கலியேப்பா" என்றார். எனக்கு ஒரே பெருமை.

ஆடியில் எல்லா விதையும் போட்டாயிற்று. அவரை கொடி வீசுகிறது. பரங்கி வேலிக்கு மேலே ஏறி சொல்தா வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறது. கத்தரிக்கு மட்டும் நானே கொள்ளி வைத்துவிட்டேன். கோழி எச்சம் நல்ல உரம் என்று யாரோ சொன்னார்களே என்று, கூண்டைக் கூட்டி அப்படியே ஒவ்வொரு செடிக்கும் ஒரு கை போட்டேன். நான்காம் நாள் இலையெல்லாம் சுட்ட அப்பளம் மாதிரி சுருண்டுவிட்டது. வளர வேண்டும் என்று போட்டதுதான் மாமா.

ஒன்று கேட்க வேண்டும். போன கடிதத்தில் "ஆறு குஞ்சும்" என்று தொடங்கி இரண்டு வரி எழுதி, பேனாவால் அடித்து அடித்துக் காகிதமே கிழிந்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், தெரியவில்லை. என்ன அது?

சங்கவிக்கு உங்கள் போட்டோ வேண்டுமாம். காருக்குப் பக்கத்தில் நின்று. பள்ளிக்கூடத்தில் காட்டப் போகிறாளாம்.

சந்திரகலா


ரியாத்
20-9-2007

அன்புள்ள கலா, சங்கவி,

சுகம். கொஞ்சம் இருமல் இருந்தது, சரியாகிவிட்டது.

பச்சை எச்சத்தைச் செடிக்குப் போடக் கூடாது. அதில் சூடு அதிகம். வெறுங்காலோடு நாள் முழுக்க அதில் நின்றால் பாதம் வெந்துவிடும். குழி தோண்டி மண்ணோடும் சருகோடும் கலந்து மூன்று மாதம் மூடி வை. அப்புறம் போடு. செடியைப் பிடுங்கிவிடாதே. அடித்தண்டு பச்சையாக இருந்தால் துளிர்க்கும்.

அடித்த வரி ஒன்றும் இல்லை. எழுத்து தப்பிவிட்டது.

கார் வொர்க்ஷாப்பில் இருக்கிறது. போட்டோ அப்புறம்.

முட்டைக்கு ரொம்ப ஆசைப்படாதே. சில கோழி தாமதமாகப் போடும், சிலது போடாமலே இருக்கும். போடாவிட்டாலும் வளர்த்த கோழி வளர்த்த கோழிதான். லீவு விஷயம் முதலாளி பார்க்கலாம் என்கிறார். கொல்லையைப் பற்றி இன்னும் நிறைய எழுது. எந்தச் செடியில் எத்தனை இலை என்று எழுதினாலும் படிப்பேன்.

சிகாமணி


ரெட்டியார்பாளையம்
28-10-2007

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். நீங்களும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் எழுதுவீர்கள். அதனால் இந்தத் தடவை நான் கேட்கவில்லை.

அவரை பூத்துவிட்டது. பரங்கியில் மூன்று காய். கத்தரி நீங்கள் சொன்னபடியே அடியிலிருந்து துளிர்த்துவிட்டது.

போன வாரம் பெரிய ரோஸ் கூரைமேல் ஏறிக் கூவியது. ஒரு சேவல் இருந்தால் இருக்கட்டும் என்று சந்தோஷப்பட்டேன். மறுநாள் பச்சை கூவியது. அப்புறம் நீலம். வெள்ளிக்கிழமைக்குள் ஆறும் கூவிவிட்டன. காலண்டரில் முட்டை என்று எழுதிய நாளுக்கு இருபது நாள் இருக்கும்போது ஆறு சேவல் என் தலைமாட்டில் நின்று பாட்டுக் கச்சேரி வைக்கின்றன.

பாக்கியலட்சுமி அக்கா பிரான்சிலிருந்து வந்துவிட்டார்கள். விஷயத்தைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "ஏண்டி, கலர் அடிச்சு விக்கிறது பூராவும் சேவக்குஞ்சுதாண்டி. முட்டைக் கம்பெனியில இது முட்டை போடாது, வேணாம்னு மொத நாளே கழிச்சுப் போடுவாங்க. அதுல கொஞ்சத்தத்தான் சாயம் தோய்ச்சு ரோட்டுல விக்கிறானுங்க. கோழி வச்சிருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வாங்களே" என்றார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்றால், நீங்கள் ஏன் சொல்லவில்லை? பல்பின் உயரம் தெரிந்தவருக்கு, சத்தத்தை வைத்துக் குஞ்சின் குளிரைச் சொல்கிறவருக்கு, இது மட்டும் எப்படித் தெரியாமல் போகும்?

உங்கள் எல்லாக் கடிதத்தையும் எடுத்து வரிசையாகத் தரையில் பரப்பினேன். முதல் கடிதத்தில் வெள்ளைக் கார், ஏசி. அதற்கப்புறம் வொர்க்ஷாப்பில் இருக்கிறது என்ற ஒரு வரியைத் தவிர டயர் என்ற சொல் இல்லை, பெட்ரோல் என்ற சொல் இல்லை. டெம்போ ஓட்டிய காலத்தில் சோற்றில் கை வைப்பதற்கு முன் கிளட்ச் கேபிள் கதை அரை மணி நேரம் சொல்கிற மனுசன் நீங்கள். கடிதமெல்லாம் தீனி, தண்ணீர், காற்று, எச்சம். வெறுங்காலோடு நாள் முழுக்க அதில் நிற்கிறவன் யார் மாமா? ஏசிக் காருக்குள் கண் எரிச்சல் எப்படி வந்தது?

எனக்குக் கோபம் இல்லை. கோபம் இல்லை என்று எழுதிவிட்டு அழுகிறேன். ஒன்றை மட்டும் சொல்லுங்கள். எத்தனை கோழி?

கலா


ரியாத்துக்கு வெளியே
4-12-2007

என் கலாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். இந்தக் கடிதத்தில் பொய் எழுதமாட்டேன்.

ஒரு கொட்டகைக்குப் பன்னிரண்டாயிரம். நான் பார்ப்பது இரண்டு கொட்டகை.

விமான நிலையத்தில் வேன் வந்தது. வெள்ளை வேன். அதன் ஏசியைத்தான் உனக்கு எழுதினேன். இரண்டு மணி நேரம் மணலில் போய் இறங்கினால் கொட்டகை. "டிரைவர் வேலைன்னு சொன்னாங்களே" என்று கேட்டேன். முதலாளிக்குப் புரியவில்லை, புரிந்தவர்கள் சிரித்தார்கள். பாஸ்போர்ட்டை அன்றைக்கே வாங்கிக்கொண்டார்கள். என் லைசென்ஸ் பெட்டிக்குள் துணிக்கடியில் இருக்கிறது. நீ பயப்படுவாய் என்று சொல்லவில்லை. அது பாதிதான். டெம்போக்காரன் பெண்டாட்டியாக உன்னைக் கட்டிக்கொண்டு வந்தவன், உன் அண்ணன்கள் முன்னால் கோழி எச்சம் வாருகிறவனாக நிற்க எனக்கு முடியவில்லை.

முதல் நான்கு மாதம் குஞ்சு பொரிக்கிற இடத்தில் வேலை. தட்டு தட்டாக வரும். பெட்டையை இந்தப் பக்கம், சேவலை அந்தப் பக்கம். அந்தப் பக்கம் போனதை நாங்கள் சாக்கில் கட்டிப் போட வேண்டும். சாக்கு கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருக்கும். எத்தனை சாக்கு என்று சொல்லமாட்டேன். நீ ஆறு கலர்க் குஞ்சு வாங்கினேன் என்று எழுதிய கடிதம் அந்த வேலையில் இருக்கும்போதுதான் வந்தது. "ஆறு குஞ்சும் சேவல், முட்டை போடாது" என்று எழுதினேன். எழுதிவிட்டு, உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாயே என்று அடித்தேன். அப்புறம் வேறு ஒன்றும் தோன்றியது. சேவல் என்று தெரிந்தால் நீ பார்த்துப் பார்த்து வளர்க்கமாட்டாயோ என்று. உன் கொல்லையில் ஆறு குஞ்சாவது பிழைத்துக் கிடக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். உன்னை ஏமாற்றினது தப்புதான். ஆனால் அறுத்துவிடாதே கலா.

இப்போது இங்கே பக்கத்துப் பண்ணைகளில் கோழிக் காய்ச்சல். வெள்ளை அங்கி போட்டவர்கள் வந்து வாசலைப் பூட்டிவிட்டார்கள். யாரும் வெளியே போக முடியாது. லாரியையும் வேலிக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். இந்தக் கடிதத்தை வேலிக்கு மேலே வீசித்தான் மலையாளியிடம் கொடுக்கப் போகிறேன். பொங்கலுக்கு வர முடியாது.

படம் இன்னும் சுவரில்தான் இருக்கிறது.

சிகாமணி


ரெட்டியார்பாளையம்
16-1-2008

என் மாமாவுக்கு,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? காய்ச்சல் இருக்கிறதா, இல்லையா? அது ஒன்றுதான் எனக்கு இப்போது தெரிய வேண்டும்.

உங்கள் கடிதம் போகிக்கு நான்கு நாள் முன்னால் வந்தது. டிவியில் கோழிகளைக் குழி தோண்டிப் புதைப்பதைக் காட்டுகிறார்கள். முகமூடி போட்ட ஒவ்வொருவன் நடையையும் பார்க்கிறேன், உங்கள் நடையா என்று. அது எந்த ஊரோ என்னவோ.

அன்றைக்கே கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். மனு எழுதிக்கொடுத்தேன். "எந்தக் கம்பெனிம்மா? அட்ரஸ் சொல்லு" என்றார்கள். தபால் பெட்டி எண் சொன்னேன். "இது பொட்டிம்மா, கம்பெனி பேரு என்ன?" என்றார்கள். பாஸ்போர்ட் நகல் கேட்டார்கள். ஒப்பந்த நகல் கேட்டார்கள். எல்லாம் உங்கள் பெட்டியில் இருக்கிறது. ஏஜெண்டு ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. கடையில் இருந்த பெண் என்னிடம் ரிங்டோன் வேண்டுமா என்று கேட்கிறாள். பாக்கியலட்சுமி அக்கா பிரான்சுக்குப் போன் போட்டு மருமகனைக் கேட்டார்கள். அவர் பாவம், அது வேற நாடு என்றார். கடைசியில் மனுவில் ஒரு முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள். அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. மீன் அழுகினால் உப்புப் போடத் தெரியும், வலை கிழிந்தால் முடியத் தெரியும். இதற்கு என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை மாமா.

நேற்றுப் பொங்கல். பந்தல் கொள்ளாமல் அவரை காய்த்துக் கிடக்கிறது. ஒரு காயும் பறிக்கவில்லை. முற்றி வெடிக்கப் போகிறது. கடையில் வாங்கித்தான் குழம்பு வைத்தேன். எதற்கு இந்த வீம்பு என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியவில்லை.

ஒரு சேவலையும் அறுக்கவில்லை. சங்கவியின் பெரிய ரோஸை மயிலம் முருகனுக்கு நேர்ந்து, காலில் மஞ்சள் கயிறு கட்டி வாழை மரத்தடியில் கட்டி வைத்திருக்கிறேன். நீங்கள் வீட்டுக்குள் காலடி வைத்த அன்றைக்கு மலைக்குக் கொண்டுபோய் விடுவதாக வேண்டுதல். அது நாள் முழுக்கக் கயிற்றின் தூரத்துக்குள் சுற்றுகிறது.

உங்களைப் பற்றி என் அண்ணன்களுக்குச் சொல்லிவிட்டேன். பெரியவர் மறுநாள் ஒரு வஞ்சிர மீனை எடுத்துக்கொண்டு வந்து, "எழுதுறப்ப நான் கேட்டேன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

கலா


ரியாத்துக்கு வெளியே
17-2-2008

கலாவுக்கு,

எனக்குக் காய்ச்சல் இல்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. இதை முதல் வரியாக எழுதச் சொல்லி உன் கடிதம் முழுக்கக் கேட்கிறது, அதனால் எழுதிவிட்டேன். அண்ணனிடம் நான் நன்றாக இருப்பதாகச் சொல்.

எங்கள் கொட்டகைகளையும் காலி செய்துவிட்டார்கள். இருபத்துநாலாயிரம். குழியும் நாங்கள்தான் எடுத்தோம். அதற்கப்புறம் ஒரு நாள், எங்கும் சத்தமே இல்லை. பக்கத்துக் கட்டில் வங்காளி காதைக் காதைத் தடவிக்கொண்டிருந்தான்.

எல்லாம் முடிந்ததும் முதலாளியிடம் போனேன். கோழி இல்லை, இனி எனக்கு இங்கே என்ன வேலை, பாஸ்போர்ட்டைக் கொடுங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. தோளைத் தட்டினார். புதுக் குஞ்சு வருகிறது, உன்னைப் போலப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, இன்னும் இரண்டு வருடம் என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

இன்று குஞ்சுகள் வந்தன. பன்னிரண்டாயிரம். ஒவ்வொன்றாக எடுத்து மூக்கைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு விட்டேன். அந்த முணுமுணுப்பு இன்னும் என் கையில் இருக்கிறது.

நோய்க்கிருமி என்று சொல்லி எங்கள் அறையிலிருந்த துணி, பாய், காகிதம் எல்லாவற்றையும் கொளுத்திவிட்டார்கள். உன் கடிதங்களும் போயின, படமும் போயிற்று. இன்னொரு படம் வரைந்து அனுப்பு.

சங்கவிக்கு மட்டும் நான் டிரைவராகவே இருக்கட்டும்.

சிகாமணி


ரெட்டியார்பாளையம்
27-3-2008

என் மாமாவுக்கு,

நானும் சங்கவியும் சுகம். உங்களுக்குக் காய்ச்சல் இல்லை என்ற வரியைச் சுவாமி படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறேன்.

மாசி மகத்துக்கு மயிலம் முருகன் நம் ஊர்க் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வந்தார். சங்கவியைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் நின்று, கூப்பிட முடிந்த மட்டும் கூப்பிட்டேன். எல்லோரும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று வாரம் கழித்து உங்கள் கடிதத்தில் இரண்டு வருடம் என்று வந்தது.

அதற்கப்புறம் கொல்லைக்குப் போனால் அந்தச் சேவலைப் பார்க்க முடியவில்லை. நல்ல தீனிதான் போடுகிறேன், தண்ணீர் வைக்கிறேன், தடவிக் கொடுக்கிறேன். அதன் கால் கயிறு என் கையில். உங்கள் முதலாளிக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு நாள் தோன்றிவிட்டது. இரண்டு வருடம் அதை அப்படிக் கட்டிப் போட என்னால் ஆகாது.

போன ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் தூக்கிக்கொண்டு மயிலத்துக்குப் போனேன். சங்கவியும் வந்தாள். மலைமேல் சேவல் வாங்கிக்கொள்கிறவர் கேட்டார், "வேண்டுதல் பலிச்சுதாம்மா?" "இல்லீங்க." "பலிச்ச பொறவுதானம்மா செலுத்தணும். ஏன் இப்பவே வந்துட்ட?" "கட்டி வச்சுப் பாக்க முடியலைங்க." அவர் கத்தி எடுத்துக் கயிற்றை அறுத்துவிட்டார். நான் என் வாக்கை முடித்துவிட்டேன், இனி முருகன் அவர் வாக்கை முடிக்கட்டும்.

ஆனால் சேவல் போகவில்லை மாமா. கயிறு இல்லாமலே, கயிறு இருந்த தூரத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. சங்கவி "போ, ரோஸ், போ" என்று கை தட்டினாள். அவ்வளவு பெரிய மலை இருக்கிறது, அதற்கு எங்கே போவது என்று தெரியவில்லை. அது போகிற வரைக்கும் நின்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இறங்கி வந்துவிட்டேன்.

அவரை முற்றி வெடித்ததையெல்லாம் விதைக்கு எடுத்து டப்பாவில் போட்டிருக்கிறேன். நீங்கள் சொன்ன குழி உரம் கறுப்பாக மக்கி, வாடையே இல்லை. கத்தரி இப்போதுதான் காய்க்கிறது, உங்கள் திருத்தத்தால் பிழைத்த செடி. மற்ற ஐந்து சேவலும் சுகம். பாக்கியலட்சுமி அக்கா இரண்டு பெட்டை கொடுத்திருக்கிறார்கள், நிஜமான பெட்டை.

படம் வரைந்து அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை அடியில் பொங்கல் என்று எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல் காலியாக விட்டிருக்கிறேன். கிணற்றடியில் உங்கள் கல் அதே இடத்தில்தான் இருக்கிறது.

சங்கவிக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் டிரைவர்தான். படத்துக்குக் கலர் அடிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனாள். திருப்பிக் கொடுத்தபோது கூண்டுக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள். அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. கோடு கோணலாக இருப்பதால் உங்களுக்குப் புரியாமல் போகுமோ என்று நானும் இங்கே எழுதிவிடுகிறேன்.

"அப்பா, உங்க கோழிக்கெல்லாம் பேரு வச்சிட்டீங்களா?"

உங்கள்,
கலா